கஞ்சிக்கோட்டில் வேலை, கையில் 45,000 ரூபாய்: எல்லைக்கு எந்தப் பக்கம் குடியேறுவது?

வேடசந்தூரான் | மே 6, 2024, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். ஷிப்டைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் கதவையே சாத்திவிட்டார்கள். இப்போது கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 18,000, ஓவர்டைம் தனி. ஜூன் தொடக்கத்தில் சேர வேண்டும்.

மனைவிக்குத் தையல் தெரியும். மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் மூன்றாம் வகுப்புக்கு. இருவரும் அரசுப் பள்ளி. எல்லாக் கடனும் அடைத்தது போகக் கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. இதற்குள் வீடு, அட்வான்ஸ், சாமான் ஏற்றும் செலவு, பள்ளி எல்லாம் முடிய வேண்டும்.

குடும்பத்தைக் கஞ்சிக்கோட்டுக்கே கொண்டுபோவதா, எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கே.ஜி.சாவடியில் வீடு பிடித்துவிட்டு நான் மட்டும் தினமும் போய்வருவதா? ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

லைன்வீட்டுக்காரி | மே 6, 2024, இரவு 10.25

தம்பி, கஞ்சிக்கோட்டில் எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள் இருக்கின்றன. இப்போது எதுவும் காலியில்லை, அதனால் ஆள் பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு அறை, சமையலறை, பொதுக் கழிப்பறை என்றால் 3,000 முதல் 3,500 வரை. கழிப்பறை உள்ளேயே இருந்தால் 5,000க்குக் கீழே கேட்காதீர்கள். அட்வான்ஸ் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம். புரோக்கர் வேண்டாம், ஒரு மாத வாடகை அவருக்குப் போய்விடும். மில் வாசல் டீக்கடையில் கேட்டால் போதும்.

வீடு பார்க்கும்போது சுவரைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். மழைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் தண்ணீர் இருக்கும். மேயில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நீங்கள் கேட்டிருக்கும் நேரம் சரியான நேரம். இந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட்டார்கள், தெரிந்திருக்கும்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில வீட்டுக்காரர்கள் ஒரே இணைப்பிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்களாகவே வாங்குவார்கள். இணைப்பு ஒன்றே என்றால் எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல்படி விலைக்கு ஏறும், அந்தச் சுமை உங்கள் தலையில்.

வேலந்தாவளம் | மே 7, 2024, காலை 6.15

அக்கா வாடகையைச் சொன்னார், விட்டுவிட்டு வருவதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கேரளத்தில் பொதுவாக அப்படிக் கிடையாது. மிகக் குறைவாகச் செலவழிக்கும் ஏழை வீடுகளுக்கு மட்டும்தான் சலுகை, நாலு பேர் குடும்பம் மின்விசிறி போட்டால் அது தாண்டிவிடும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்தால் தமிழ்நாட்டில் கட்டுவதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. உங்கள் மனைவி சாவடியிலிருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம் போனால் டிக்கெட் கிடையாது. வாளையாரைத் தாண்டினால் ஏறி இறங்கினாலே 10 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறதா? அது தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை ஒட்டி வருவது. அட்டையை மாற்றினால் அதோடு போயிற்று.

இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாயை எல்லைக்கல்லிலேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறீர்கள். சாவடியில் வீடு பிடியுங்கள். எனக்குக் கேரளப் பக்கம் கடை, தமிழ்நாட்டுப் பக்கம் வீடு. காரணமில்லாமல் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

சீசன்டிக்கெட் | மே 7, 2024, காலை 8.02

வேலந்தாவளத்தார் கடை வைத்திருக்கிறார், நினைத்தபோது திறப்பார். ரோலிங் மில்லில் ஷிப்டு. இரவு பத்து மணிக்கு விட்டால் எப்படிப் போவது?

நான் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போய்வருகிறேன். பகல் வேலைக்கு அது சரி. இந்த ஆண்டு தொடக்கத்தில் பாசஞ்சர் ரயில் குறைந்தபட்சக் கட்டணத்தைப் பழையபடி 10 ரூபாய்க்கு இறக்கினார்கள், சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. ஆனால் ஷிப்டுக்கு ரயில் ஒத்துவராது. பைக்கில்தான் வர வேண்டும். சாவடியிலிருந்து கஞ்சிக்கோடு பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது, நடுவில் வாளையார்க் காடு. தண்டவாளத்தில் யானைகள் அடிபடுவதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தக் காடுதான். நெடுஞ்சாலை என்றாலும் நள்ளிரவில் கிளைச்சாலையில் திரும்பும் இடத்தில் ஆனை நின்றால் நிற்க வேண்டியதுதான்.

பெட்ரோலுக்கு மட்டும் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். இறக்கி வைத்த இரண்டாயிரம் டேங்கில் போய்விட்டது.

பைக் பற்றி இன்னொன்று: கேரளத்தில் பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், சென்ற ஆண்டு ஜூனிலிருந்து கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிரந்தரமாகத் தங்கினால் 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணில் ஓட்டக் கூடாது, மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கும் ஒரு செலவு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லை டீச்சர் | மே 7, 2024, மாலை 5.30

நான் சித்தூர் தாலுகாவில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறேன். உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் என்னிடம் இரண்டு வேறு பதில்கள் இருக்கின்றன.

மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையன், எங்கே போட்டாலும் மூன்று மாதத்தில் மலையாளத்தில் சண்டை போடுவான். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும்.

மகள் விஷயம் யோசிக்க வேண்டியது. கேரளத்தில் ஐந்து முதல் ஏழு வரை யு.பி. (உயர் தொடக்கப் பள்ளி), எட்டாம் வகுப்பிலிருந்து ஹைஸ்கூல். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் சேர்த்தால், அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு இல்லாத பட்சத்தில் அடுத்த ஆண்டே இன்னொரு பள்ளி. சேர்ப்பதென்றால் ஹைஸ்கூலும் சேர்ந்த பள்ளியாகப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ்வழிப் பிரிவுள்ள அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பாடநூல் தமிழில் வருகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழிலேயே எழுதலாம். பிறகு சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கவும் வழியுண்டு. கஞ்சிக்கோடு சுற்றுவட்டத்தில் எந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு நடக்கிறது என்பதை ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். குழந்தைகள் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாப் பள்ளியிலும் மலையாளம் ஒரு பாடமாக இருக்கும். வெளிமாநிலத்திலிருந்து நடுவில் வரும் பிள்ளைக்கு என்ன சலுகை என்பதைத் தலைமையாசிரியரிடம் சேரும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் ‘புதுமைப் பெண்’ உதவி கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். நடுவில் மூன்று ஆண்டு கேரளத்தில் படித்துவிட்டுத் திரும்பினால் இரண்டும் கைவிட்டுப் போகும். குடும்பத்தோடு குடிபெயரும் யாரும் இதை முன்கூட்டியே நினைப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் தெரியவருகிறது.

சாதிச் சான்றிதழையும் ஊரை விட்டு வருமுன் வாங்கிவிடுங்கள். பட்டியல் சாதி என்றால் மாநில ஒதுக்கீடு தகப்பனார் ஊர் இருக்கும் மாநிலத்தில்தான் செல்லும். மற்றச் சமூகங்களுக்குக் கேரளப் பட்டியல் வேறு, தமிழ்நாட்டுப் பட்டியல் வேறு.

வேலந்தாவளம் | மே 7, 2024, இரவு 7.48

டீச்சரே நம் பக்கம் வந்துவிட்டார். சாவடிதான்.

எல்லை டீச்சர் | மே 7, 2024, இரவு 8.10

நான் எந்தப் பக்கமும் வரவில்லை. எப்போதோ வரப்போகும் ஆயிரம் ரூபாய்க்காகத் தகப்பனை வாரத்துக்கு ஒரு முறை பார்க்கும் பிள்ளைகளையும் என் வகுப்பில் வைத்திருக்கிறேன். தெரிந்து முடிவெடுங்கள் என்றுதான் சொன்னேன்.

வேடசந்தூரான் | மே 7, 2024, இரவு 10.05

மிக்க நன்றி டீச்சர். புதுமைப் பெண் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ரேஷன் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று போட்டிருக்கிறது. கேரளத்தில் இதற்கு அரிசி தருவார்களா? அல்லது அட்டையை ஒப்படைத்துவிட்டுப் புது அட்டை வாங்க வேண்டுமா?

லைன்வீட்டுக்காரி | மே 7, 2024, இரவு 10.50

தருவார்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இரண்டு மாநிலமும் இருக்கின்றன. அட்டை எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்தால் ஆளுக்கு 5 கிலோ, நான்கு பேருக்கு 20 கிலோ, காசில்லாமல். ஆனால் இது பி.எச்.எச்., அந்த்யோதயா (மிக ஏழைக் குடும்பங்களுக்கானது) அட்டைகளுக்கு மட்டும்தான். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத) அட்டையோடு வந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. தமிழ்நாட்டில் அவர்களுக்கும் அரிசி உண்டு, ஆனால் அது மாநில அரசின் கணக்கு, எல்லை தாண்டாது. கடையில் நின்று திரும்பி வந்தார்கள்.

உங்களுக்கும் அரிசி மட்டும்தான். சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில், பொங்கல் பரிசு இவையெல்லாம் ஊரில்தான். மட்டை அரிசி (சிவப்புப் புழுங்கலரிசி) வந்தால் முதல் மாதம் பிள்ளைகள் முகம் சுளிக்கும். கடைக்காரரிடம் வெள்ளரிசி எப்போது வரும் என்று கேட்டு அப்போது போங்கள்.

உடனே அட்டையை மாற்றாதீர்கள். கேரளத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நான்கு நிற அட்டை. புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் வெள்ளைதான் கையில் வரும், முன்னுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதுவரை இலவச அரிசியும் இல்லை, ஊர் ஆயிரமும் இல்லை. மாற்றாததில் இழப்பு என்றால், கேரள அரசின் சப்ளைகோ மாவேலிக் கடையில் 13 பொருள்கள் மானிய விலைக்குக் கிடைக்கும், அதற்குக் கேரள அட்டை வேண்டும். அதை ஓராண்டு பொறுத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிப் பஞ்சாயத்து | மே 8, 2024, காலை 7.20

(பாண்டிச்சேரி இல்லை. கஞ்சிக்கோடு இருக்கும் பஞ்சாயத்தின் பெயரே அதுதான். இதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.)

எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், வேலையைப் பற்றிக் கேட்கிறேன். தம்பி, ஒப்பந்தக்காரர் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண் தருவாரா?

18,000 சம்பளம் என்றால் நீங்கள் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறீர்கள், வரம்பு 21,000. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மாதம் 135 ரூபாயில் மனைவி, குழந்தைகளுக்கும் வைத்தியம். எண் இந்தியா முழுக்கச் செல்லும், பெரிய வைத்தியம் என்றால் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கே போகிறவர்கள் எங்களில் பலர். உடல்நலமில்லாமல் படுத்தால் 70 சதவீதக் கூலி கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பு குறைந்தது 78 நாள் கட்டியிருக்க வேண்டும். ரோலிங் மில்லில் சூடான கம்பி பாயும் இடத்தில் நிற்கப் போகிறீர்கள். எண் வராமல் ஷிப்டு ஏறாதீர்கள். பழைய ஆலையில் கொடுத்த பி.எஃப். எண்ணையே (யு.ஏ.என்.) இங்கும் கொடுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள்.

ஒப்பந்தக்காரர் கூலி தராமல் ஓடினால் மில்தான் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால் எந்த மில்லில் நிற்கிறீர்கள் என்பதற்கு ஒரு வாயில் அட்டையாவது கையில் இருக்கட்டும். 1979ஆம் ஆண்டுப் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில், ஒப்பந்தக்காரர் உங்கள் ஊரில் வைத்து ஆள் எடுத்திருந்தால் பாதி மாதச் சம்பளம் இடப்பெயர்வுப் படி என்று இருந்தது. கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டு வையுங்கள், குறைந்தபட்சம் பயணச் செலவாவது தருவார்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கான கேரள அரசின் அதிதி போர்ட்டலில் பதிவு செய்யுங்கள், அவர்களுக்கான ஆவாஸ் காப்பீடும் எடுங்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். தமிழர்கள் மட்டும் இதில் சேரவே மாட்டார்கள். ‘அதிதித் தொழிலாளி என்றால் வங்காளத்துக்காரன், நான் பக்கத்து ஊர்க்காரன்’ என்று ஒரு கௌரவம். சட்டத்துக்கு வேடசந்தூரும் வெளிமாநிலம்தான்.

சம்பளம் எப்போது கைக்கு வரும் என்றும் கேளுங்கள். ஜூன் சம்பளம் ஜூலை பத்துக்குப் பிறகு வரும். அதாவது நாற்பது நாள் வருமானமே இல்லாமல் ஓட்ட வேண்டும். அட்வான்ஸுக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஒரு காசு எடுக்காதீர்கள்.

சீசன்டிக்கெட் | மே 8, 2024, காலை 8.11

அப்படியானால் ஜூன் மாதம் மட்டும் தனியாகப் போய்த் தங்கிப் பார்க்கலாமே. கஞ்சிக்கோட்டில் கின்ஃப்ரா தொழிற்பூங்காவில் ‘அப்னா கர்’ என்று வெளிமாநிலத் தொழிலாளருக்கான அரசு விடுதி 2019இலிருந்து இருக்கிறது, 620 பேர் தங்கலாம். குடும்பத்துக்கு இடமில்லை, தனி ஆட்களுக்குத்தான். நிறுவனம் வழியாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதியத்துக்குக் குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் குழுத் திட்டம்) பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டலில் 30 ரூபாய்க்குச் சாப்பாடு.

வேடசந்தூரான் (அவர் மனைவி எழுதுகிறேன்) | மே 8, 2024, மதியம் 2.35

இரண்டு நாளாக இவர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார், என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று நானே படித்துப் பார்த்தேன். எல்லாரும் அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எனக்கு வரும் ஆயிரம் ரூபாயை ஐந்து பேர் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் தைத்தால் எவ்வளவு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊரில் லைனிங் வைத்த ரவிக்கைக்கு 200 ரூபாய் வாங்குகிறேன். பண்டிகை இல்லாத மாதத்திலும் நாற்பதுக்குக் குறையாது. கஞ்சிக்கோட்டில் என்ன கூலி? சாவடியில் என்ன கூலி? புது ஊரில் துணி யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

லைன்வீட்டுக்காரி | மே 8, 2024, மதியம் 3.15

அம்மணி, நீங்களே முதலில் வந்திருக்க வேண்டும்!

கஞ்சிக்கோட்டில் லைனிங் ரவிக்கைக்கு 350க்குக் கீழே யாரும் தைப்பதில்லை. சுடிதாருக்கும் அதே கதை. எங்கள் தெருவில் தைத்துக்கொண்டிருந்த பெண் மகன் வீட்டோடு திருச்சூருக்குப் போய்விட்டாள், இப்போது நாங்கள் துணியைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு டவுனுக்குப் போகிறோம். கேரளத்தில் கையால் செய்யும் எந்த வேலைக்கும் கூலி அதிகம். கட்டட வேலைக்கே ஒரு நாளைக்கு 850 ரூபாய்க்கு மேல் சராசரி என்று ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கு சொல்கிறது, நாட்டின் சராசரி நானூறுகூட இல்லை. கொஞ்ச நாள் கழித்து அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) சேர்ந்துகொண்டால் குடும்பஸ்ரீ வழியாகப் பள்ளிச் சீருடை ஆர்டர்கூட வரும்.

வேலந்தாவளம் | மே 8, 2024, மாலை 6.02

சாவடியில் 250 கொடுப்பார்கள். கோவைக்காரர்கள் பேரம் பேசுவார்கள்.

ரவிக்கைக்கு நூறு ரூபாய் வித்தியாசம், மாதம் நாற்பது என்றால் நாலாயிரம். சரி, என் இரண்டாயிரத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மகள் பள்ளி?

எல்லை டீச்சர் | மே 8, 2024, இரவு 8.40

வாளையாரில் கேரள எல்லைக்குள் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. எல்லையை ஒட்டி வீடு கிடைத்தால் அவருக்கு மில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், மகளுக்குப் பள்ளி பக்கம். ஆனால் தையலுக்கு அங்கே கஞ்சிக்கோடு அளவுக்குக் குடியிருப்பு இல்லை. மகளிடம் கேட்டீர்களா?

வேடசந்தூரான் (மனைவி) | மே 8, 2024, இரவு 9.55

கேட்டோம் டீச்சர். அவள் தோழி பொள்ளாச்சிக்கு மாறிப்போனதிலிருந்து இந்தப் பள்ளியே பிடிக்கவில்லையாம், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்கிறாள். ஆனாலும் இந்த ஒரு வருடம் ஊரில் என் அம்மாவோடு இருந்து ஏழாம் வகுப்பை முடிக்கட்டும் என்று நினைக்கிறோம். எட்டாம் வகுப்புக்கு எந்தப் பக்கம் என்பதை அடுத்த மே மாதம் முடிவு செய்யலாம். அதற்குள் ஓர் ஓணம், ஒரு கோடை பார்த்துவிடுவோம். பையனும் நானும் ஜூலையில் கஞ்சிக்கோட்டுக்கு வருகிறோம். இவர் ஜூனில் தனியாகப் போய் வீடு பார்க்கிறார்.

ரேஷன் அரிசியை அம்மா ஒரு பங்கு ஊரில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை நாங்கள் கஞ்சிக்கோட்டில் வாங்க முடியுமா?

லைன்வீட்டுக்காரி | மே 8, 2024, இரவு 10.20

முடியும், மாதத்துக்குள் பிரித்து வாங்கலாம். ஆனால் ஊரில் வாங்க அட்டையில் பெயருள்ள ஒருவர் கைரேகை வேண்டும். அம்மா தனி அட்டை என்றால் மகள்தான் போக வேண்டும், அவளுக்குக் கைரேகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாமானுக்குத் தனி வண்டி பிடிக்காதீர்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குத் தினமும் காய்கறி வண்டி வருகிறது, பாலக்காட்டுப் பக்கம் இறக்கும் டிரைவர் யாராவது நான்கு மூட்டையை ஓரமாகப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கட்டில், பீரோவை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கேஸ் இணைப்பை மாற்றும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். வந்ததும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் 50 ரூபாய் கேட்டுப் பிளாஸ்டிக் குப்பை எடுக்க வருவார்கள். கொடுத்துவிட்டு ரசீதை வையுங்கள், பஞ்சாயத்தில் ஏதாவது சான்றிதழுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

தையல் எந்திரத்தைக் காய்கறி வண்டியில் போடாதீர்கள். தலையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றித் திண்டுக்கல்லில் திருச்செந்தூர்–பாலக்காடு ரயிலில் கையோடு கொண்டுவாருங்கள். மேசையும் மிதியும் போன பெண் விட்டுச் சென்றது எங்கள் திண்ணையில் கிடக்கிறது. தலை எந்த மாடல் என்று எழுதுங்கள், பொருந்துமா என்று நாளை அளந்து சொல்கிறேன்.